இருபது வருஷம் சும்மா இருந்தாரா அருந்ததி ராய்?

நூலகப்பூனை:
புக்கர் பட்டியல் இழையில் வடிகட்டி சார் போகிற போக்கில் இப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "அருந்ததி ராய் ஒரே நாவலில் பேர் வாங்கிக்கொண்டு அடுத்த இருபது வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தவர். அதற்கப்புறம் வந்த இரண்டாவது நாவலை முடித்தவர் யாரும் இல்லை." அதற்குக் கீழே கைதட்டல் வேறு.

சும்மாவா? 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. ஊரே இனிப்பு கொடுத்துக் கொண்டாடிய நேரத்தில் அதை எதிர்த்து நீண்ட கட்டுரை எழுதினார். 1999இல் நர்மதை அணைகளை எதிர்த்து இன்னொன்று. முதல் நாவலுக்குக் கிடைத்த புக்கர் பரிசுப் பணத்தை, அந்த அணைகளை எதிர்த்த நர்மதை இயக்கத்துக்கே கொடுத்தார். 2002இல் நீதிமன்ற அவமதிப்புக்காக உச்ச நீதிமன்றம் ஒரு நாள் சிறையும் 2000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2010இல் மாவோயிஸ்டுகளோடு தண்டகாரண்யக் காட்டுக்குள் நடந்துவிட்டு வந்து எழுதினார். 2014இல் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' நூலுக்கு ஒரு தனிப் புத்தகம் அளவுக்கு முன்னுரை. 2019இல் இந்தக் கட்டுரைகளையெல்லாம் சேர்த்துப் போட்டபோது சுமார் ஆயிரம் பக்கம் வந்தது.

சும்மா உட்கார்ந்திருந்தவர் எழுதியது இவ்வளவு. சுறுசுறுப்பாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

வடிகட்டி:
தனி இழையே போட்டுவிட்டீர்களா மேடம், நன்றி. நான் பேசியது நாவலைப் பற்றி. முதல் நாவல் 'தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்' 1997. இரண்டாவது 'தி மினிஸ்ட்ரி ஆஃப் அட்மோஸ்ட் ஹேப்பினஸ்' 2017. கழித்துப் பாருங்கள். இருபது வருகிறதா இல்லையா?

நூலகப்பூனை:
"சும்மா" என்று எழுதினீர்களா இல்லையா?

வடிகட்டி:
இருபது என்று எழுதினேன். அது தப்பா?

ஈசிசேர்:
சார், 2007லயே ரெண்டாவது நாவல் எழுதிட்டிருக்கேன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அப்ப இடைவெளி பத்து வருஷம்தான். மீதிப் பத்து வருஷம் எழுதின காலம். எழுதின காலத்தை எப்படி மௌனம்னு கணக்குல வைப்பீங்க?

வடிகட்டி:
எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வதெல்லாம் கணக்கில் வருமா? அப்படிப் பார்த்தால் நானும் கல்லூரி நாளிலிருந்து ஒரு நாவல் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். வாசகன் கைக்கு எப்போது வந்தது, அதைச் சொல்லுங்கள். 2017 ஜூன். இருபது.

கணக்குப்பிள்ளை:
ரெண்டு பேருமே தப்பு. முதல் நாவலை 1992ல ஆரம்பிச்சு 1996ல முடிச்சிட்டாங்க. அச்சுக்கு வந்தது 97. அதனால எழுத்தாளர் பேனாவை கீழ வச்ச நாள்ல இருந்து கணக்கு போட்டா 21.

வடிகட்டி:
பார்த்தீர்களா, 21. நான் ஒரு வருஷத்தைத் தள்ளுபடி செய்துதான் சொல்லியிருக்கிறேன்.

ஈசிசேர்:
அட, பேனாவை வச்ச நாள்னு எடுத்தா மறுபடி எடுத்த நாளையும் எடுக்கணும்ல? 1996லருந்து 2007. பதினொண்ணு!

வடிகட்டி:
இருபது.

தாமரைக்குளம்:
வணக்கம். எனக்கு இருக்கும் சந்தேகத்தைக் கேட்கிறேன். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966. 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981. 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' 1998. நடுவில் 15, பிறகு 17. அவர் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று இங்கே யாராவது சொல்லியிருக்கிறோமா? கவிதை, சிறுகதை, கட்டுரை, மொழிபெயர்ப்பு, பத்திரிகை என்று அந்த வருஷங்களை நாம் கொண்டாடத்தானே செய்கிறோம். ப. சிங்காரம் 1959இல் ஒன்று, 1972இல் ஒன்று, அவ்வளவுதான். 1997இல் இறக்கும்வரை மூன்றாவது நாவல் வரவில்லை. அவரை ஒற்றைப் புத்தகக்காரர் என்று எழுதினால் வடிகட்டி ஐயாவே முதலில் சண்டைக்கு வருவார்.

வடிகட்டி:
15உம் இருபது அல்ல, 17உம் இருபது அல்ல. சிங்காரத்துக்கு 13. நன்றி, என் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள்.

நூலகப்பூனை:
தாமரைக்குளம் கேட்டது எண்ணிக்கையையா? ஒருவருக்கு ஒரு நியாயம், இன்னொருவருக்கு வேறு நியாயமா என்று கேட்டார். பதில் சொல்ல முடியாத இடத்திலெல்லாம் கால்குலேட்டரை எடுத்துவிடுகிறீர்கள்.

வடிகட்டி:
சு.ரா. டெல்லி, லண்டன், நியூயார்க் மேடையில் நின்று பேசி அந்த இடைவெளியை நிரப்பவில்லை. நாகர்கோவிலில் இருந்துகொண்டு இலக்கியம் செய்தார். இவர் செய்தது அரசியல். நாவலாசிரியர் என்று மாலை போட்டு அழைப்பார்கள், ஏறி நின்று நாவலைத் தவிர எல்லாவற்றையும் பேசுவார்.

இன்னொன்று. நான் இந்த நாவலை 1997லேயே கெட்டி அட்டைப் பதிப்பில் வாங்கிப் படித்தவன். பரிசு அறிவிப்பதற்கு முன்னால். இங்கே பேசுகிறவர்களில் எத்தனை பேர் அதற்கப்புறம், அதுவும் தமிழில், படித்தவர்கள் என்று எனக்குத் தெரியும்.

தாமரைக்குளம்:
அது எனக்குத்தான் என்று புரிகிறது ஐயா. ஆமாம், தமிழில்தான் படித்தேன். ஜி. குப்புசாமி மொழிபெயர்த்து 2012இல் காலச்சுவடு வெளியிட்ட பிரதி. அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. போன வருஷம் தல்ஸ்தோய் இழையில் சோவியத் முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களைப் பற்றி நீங்கள் கண்ணீர் விட்டு எழுதினீர்களே, அதெல்லாம் மாஸ்கோவில் ரஷ்ய மொழியில் வாங்கிப் படித்ததா?

கணக்குப்பிள்ளை:
ஐயோ 😂

வடிகட்டி:
அது வேறு, இது வேறு. ஆங்கிலம் தெரிந்திருந்தும் படிக்காமல் இருப்பதைச் சொன்னேன்.

தாமரைக்குளம்:
எனக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

மீனச்சில்:
வந்ததிலிருந்து பார்க்கிறேன், புத்தகத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

முதல் நாவலில் அய்மனத்து ஊறுகாய்த் தொழிற்சாலை வரும். அங்கே வாழைப்பழ ஜாம் செய்வார்கள். உணவுப் பொருள் தரம் பார்க்கும் அலுவலகம் அதைத் தடை செய்துவிடும். ஜெல்லி என்று சொல்ல முடியாத அளவுக்கு இளக்கம் வேறு, ஜாம் என்று சொல்ல முடியாத அளவுக்குக் கெட்டி வேறு, எந்தப் பட்டியலிலும் அடங்காது. ஆனாலும் யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டேதான் இருப்பார்கள். அரைப் பக்கம்கூட இருக்காது. ஆனால் சிரியன் கிறிஸ்தவப் பெண் அம்முவுக்கும் தலித் தச்சன் வெளுத்தாவுக்கும் என்ன நடக்கப்போகிறது என்பது அந்த அரைப் பக்கத்திலேயே இருக்கிறது. யார் யாரை நேசிக்கலாம், எவ்வளவு நேசிக்கலாம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிற ஊரில் பட்டியலில் அடங்காத இருவர். இதைப் பிரசங்கம் செய்யாமல் சமையலறையில் வைத்து ஏழு வயதுக் குழந்தைகளின் கண் வழியாகக் காட்டினார். முதல் நாவலின் பலம் அங்கே.

இரண்டாவதில் அந்தக் கண் இல்லை. டெல்லித் திருநங்கை அஞ்சும் கல்லறைத் தோட்டத்துக்குக் குடிபோய், சமாதிகளைச் சுற்றி அறை கட்டி, கடைசியில் அதையே விருந்தினர் விடுதி ஆக்குகிற பகுதி அபாரம். காஷ்மீர்ப் பகுதியில் இன்னொரு நாயகி திலோ வந்ததும் அடுக்கடுக்காகக் கோப்புகள், குறிப்புகள், சாட்சியங்கள். கடைசியில் மாவோயிஸ்ட் பெண் ரேவதியின் கடிதம். கட்டுரையாக வர வேண்டியவை நாவலுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டன. இருபது வருஷமா பத்து வருஷமா என்பது எனக்கு முக்கியமே இல்லை. அந்த வருஷங்கள் அவருடைய வாக்கியத்தை என்ன செய்தன என்பதுதான் கேள்வி.

வடிகட்டி:
மீனச்சில் அவர்களே, நான் சொன்னதைத்தான் நீங்கள் நீளமாகச் சொல்லியிருக்கிறீர்கள். இருபது வருஷம் கட்டுரை எழுதினால் நாவல் எழுதும் கை போய்விடும்.

மீனச்சில்:
நான் அப்படிச் சொல்லவில்லை. மறுபடி படியுங்கள்.

நூலகப்பூனை:
மீனச்சில், எனக்கு உங்களோடுதான் இப்போது சண்டை. கட்டுரை ஏறி உட்கார்ந்துகொண்டது என்பது விமர்சகர்கள் 2017 முதல் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பாட்டு. நாவலின் முன்னுரைப் பக்கத்தில் பாறு கழுகுகள் வருகின்றன, ஞாபகம் இருக்கிறதா? மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலிமருந்து ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அது கட்டுரைச் செய்தியா, நாவலின் தொடக்கமா? பால் அதிகம் வேண்டும், ஐஸ்கிரீம் அதிகம் வேண்டும் என்கிற ஊரில் யாரும் கவனிக்காமல் ஒரு இனமே விழுந்துபோகிறது. அடுத்த பக்கத்தில் கல்லறையில் மரம்போல வாழ்கிறாள் அஞ்சும். இரண்டையும் அடுத்தடுத்து வைப்பது நாவலாசிரியரின் கை.

மீனச்சில்:
முதல் இரண்டு பக்கத்தை வைத்து நானூறு பக்கத்தைக் காப்பாற்ற முடியாது.

வடிகட்டி:
எனக்கு முந்நூறாவது பக்கத்துக்குமேல் போகவில்லை. அதை வெளிப்படையாகச் சொல்கிற தைரியம் எனக்கு இருக்கிறது.

நூலகப்பூனை:
முடிக்காத நாவலுக்கு மதிப்பீடு! இதைத் தைரியம் என்று சொல்லிக்கொள்ள உண்மையிலேயே தைரியம் வேண்டும்.

வடிகட்டி:
முட்டை அழுகல் என்று தெரிந்துகொள்ள முழு முட்டையையும் தின்ன வேண்டியதில்லை. தவிர, அந்த நாவல் புக்கரில் எங்கே நின்றது? நெடும்பட்டியலோடு சரி. குறும்பட்டியலுக்கே வரவில்லை. அந்த வருஷம் பரிசு வாங்கியது ஜார்ஜ் சாண்டர்ஸின் முதல் நாவல். முதல் நாவலுக்குக் கிடைக்கிற சலுகை இரண்டாவதற்குக் கிடையாது. 1997இல் இவருக்குக் கிடைத்ததும் அந்தச் சலுகைதான், கூடவே இந்திய சுதந்திரத்தின் ஐம்பதாவது வருஷம் வேறு. அந்த நாவல் பரிசுக்குத் தகுதியே இல்லை என்று நடுவரே தொலைக்காட்சியில் சொன்னாரே.

நூலகப்பூனை:
எந்த நடுவர்?

வடிகட்டி:
கார்மன் காலில்.

நூலகப்பூனை:
அவர் 1996ஆம் வருஷக் குழுவுக்குத் தலைவர். 1997 குழுவுக்குத் தலைவர் கில்லியன் பியர். அந்த வருஷ முடிவோடு காலிலுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

வடிகட்டி:
புக்கர் நடுவர்தானே?

நூலகப்பூனை:
முந்தின வருஷ நடுவர்!

வடிகட்டி:
நடுவர்தானே?

ஈசிசேர்:
ரிட்டயர்ட் அம்பயரை கூட்டிட்டு வந்து அவுட் வாங்குறாரு.

வடிகட்டி:
ஈசிசேர், உங்கள் நகைச்சுவை சு.ரா. நினைவு இழையிலேயே எடுபடவில்லை. இங்கேயும் வேண்டாம்.

ஈசிசேர்:
அந்த இழையில என் பதிவை நெறியாளர்கிட்ட சொல்லி தூக்க வச்சது யாருன்னு எனக்கும் தெரியும் சார்.

மீனச்சில்:
ஐம்பதாவது வருஷச் சலுகை என்கிறீர்கள். சொந்த மண்ணில் அவருக்கு என்ன சலுகை கிடைத்தது? கேரளத்தில் ஒரு வழக்கறிஞர் கடைசி அத்தியாயம் ஆபாசம் என்று வழக்குப் போட்டார். நாவலில் கம்யூனிஸ்ட் தலைவர் ஈ.எம்.எஸ்ஸின் பூர்வீக வீடு சுற்றுலா ஓட்டல் ஆகிவிடும், பழைய தோழர்கள் கலர் கலராக உடுத்திக்கொண்டு அங்கே சர்வர் வேலை பார்ப்பார்கள். கட்சிக்காரர்களுக்குக் கோபம் அதில் வந்தது. ஈ.எம்.எஸ்ஸே எதிர்த்து எழுதினார். இப்போது இவரை இடதுசாரி மேடைப் பேச்சாளர் என்று திட்டுகிறவர்களுக்கு அந்தக் கதை தெரியாது.

வடிகட்டி:
தெரியும். நான் அப்போதே படித்தவன் என்று சொன்னேன்.

கணக்குப்பிள்ளை:
கெட்டி அட்டையில்.

தாமரைக்குளம்:
வேறு ஒன்று கேட்கிறேன். நாவலாசிரியர் என்று யாரைச் சொல்கிறோம்? எத்தனை நாவல் எழுதியிருக்க வேண்டும்? முதலில் அதை முடிவு செய்துகொண்டால் இந்தச் சண்டை பாதியாகக் குறையும் என்று தோன்றுகிறது.

வடிகட்டி:
இருபது வருஷத்துக்கு ஒரு நாவல் எழுதுகிறவரை நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஈசிசேர்:
பத்து.

நூலகப்பூனை:
அவர் நாவலோடு தொடங்கியவரும் இல்லை. டெல்லியில் கட்டடக்கலை படித்தார். 'மாஸ்ஸி சாஹிப்' படத்தில் நடித்தார். கட்டடக்கலை மாணவர்களைப் பற்றி எழுதிய திரைக்கதைக்குத் தேசிய விருது வாங்கினார், 2015இல் அதைத் திருப்பிக் கொடுத்தார். நாவல் வருவதற்கு முன்பே எழுத்தாளர். நாவல் வந்த பிறகும் எழுத்தாளர். நடுவில் நாவல் இல்லையே என்று கேட்பது அவருடைய பிரச்சினை இல்லை, உங்களுடைய பிரச்சினை. சாகித்ய அகாதெமி 2006இல் அறிவித்த விருதுகூடக் கட்டுரைத் தொகுப்புக்குத்தான்.

வடிகட்டி:
அதையும் வேண்டாம் என்றுவிட்டாரே! விருதை மறுத்தால் அது தனிச் செய்தி, திருப்பிக் கொடுத்தால் அது தனிச் செய்தி. நாவல் எழுதினால் மட்டும்தான் செய்தி வரவில்லை.

நூலகப்பூனை:
2017இல் அந்த நாவல் வந்தது உலகம் முழுக்கச் செய்தி. நீங்கள் முந்நூறாவது பக்கத்தில் தூங்கிவிட்டதால் தெரியவில்லை. அமெரிக்க விமர்சகர் வட்டத்தின் விருதுக்கு இறுதிப் பட்டியலில் வந்தது.

வடிகட்டி:
கிடைத்ததா?

நூலகப்பூனை:
இறுதிப் பட்டியலில் வந்தது.

வடிகட்டி:
கிடைத்ததா?

மீனச்சில்:
2025இல் தன் அம்மாவைப் பற்றி எழுதிய நினைவுக் குறிப்பு வந்திருக்கிறதே, யாராவது படித்தீர்களா? மேரி ராய் சாதாரணப் பெண்மணி இல்லை. திருவிதாங்கூர் சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்குத் தகப்பன் சொத்தில் சம பங்கு கிடையாது என்று இருந்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் தீர்ப்பு வாங்கியவர். கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்தியவர், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிக் கொடுத்த கட்டடங்கள். உலகத்துக்கு வீராங்கனை, பெற்ற பிள்ளைகளுக்கு அடிக்கிற புயல். அந்த இரண்டையும் ஒரே வாக்கியத்துக்குள் வைக்க இவரால் முடிகிறது. எனக்கு இரண்டாவது நாவலைவிட இது பல மடங்கு மேல். முதல் நாவலின் அம்மு எங்கிருந்து வந்தாள், எதை விட்டுவிட்டு வந்தாள் என்பதும் புரிகிறது.

வடிகட்டி:
நல்ல புத்தகமாக இருக்கலாம். நாவல் இல்லை. கணக்கில் சேராது. 2017க்கு அப்புறமும் நாவல் கிடையாது என்பதைத்தான் இது நிரூபிக்கிறது.

தாமரைக்குளம்:
கிரண் தேசாயை என்ன செய்வீர்கள்? 2006இல் புக்கர் வாங்கிய நாவல். அடுத்தது 2025. அதுவும் குறும்பட்டியல் வரை வந்தது. அங்கே மட்டும் ஏன் ஒருவரும் "சும்மா" என்று எழுதுவதில்லை? அவர் மேடை ஏறி யாரையும் திட்டவில்லை என்பதாலா?

வடிகட்டி:
19.

தாமரைக்குளம்:
என்ன?

வடிகட்டி:
2006லிருந்து 2025க்கு 19. இருபது இல்லை.

நூலகப்பூனை:
கடவுளே.

கணக்குப்பிள்ளை:
அமெரிக்க நாவலாசிரியர் ஹார்ப்பர் லீ, முதல் நாவல் 1960, அடுத்தது 2015. 55 வருஷம். உலக சாதனை. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

ஈசிசேர்:
அது முதல் நாவலுக்கு முன்னாடி எழுதின பிரதிய்யா, பின்னாடி போட்டாங்க. அதையெல்லாம் சேர்க்காதீங்க.

கணக்குப்பிள்ளை:
அச்சுல வந்த தேதிதான் கணக்குன்னு வடிகட்டி சார் சட்டம் போட்டிருக்காரு. நான் சட்டத்தை மதிக்கிறவன்.

நெறியாளர்:
நண்பர்களே, தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். முந்தைய இழைகளில் நடந்ததை இங்கே இழுக்க வேண்டாம். வடிகட்டி சார், இந்த இழையில் மற்ற யாரையும்விட அதிகப் பதிவுகள் உங்களுடையவை. மற்றவர்களுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

வடிகட்டி:
என்னைப் பெயர் சொல்லி வம்புக்கு இழுத்து இழை தொடங்குவார்கள், நான் பதில் சொன்னால் இடம் விட வேண்டுமாம். தொடங்கியவருக்கு எச்சரிக்கை உண்டா? நான் இந்தக் குழுவில் யார் யாருக்கெல்லாம் மூத்தவன் என்று நெறியாளருக்கே தெரியும். நூலகப்பூனை மேடம் இங்கே சேர்ந்தபோது அவருக்கு முதல் வரவேற்பு எழுதியவனே நான்.

நூலகப்பூனை:
வரவேற்றதால் வாய் மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அந்த வரவேற்பில் எழுதியிருக்கவில்லை.

2024இல் டெல்லியில் அவர்மேல் காஷ்மீர் பற்றிய பழைய பேச்சுக்காக உபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் வழக்குத் தொடர அனுமதி கொடுத்தார்கள். பேசியது 2010இல். அதே 2024இல் பென் பிண்டர் இலக்கியப் பரிசு கிடைத்தது. பதினான்கு வருஷம் கழித்தும் ஒரு பேச்சுக்கு அரசாங்கம் பயப்படுகிறது. அந்த எழுத்து வாழ்க்கையை அளக்க உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல் கழித்தல் கணக்கு.

வடிகட்டி:
அரசாங்கம் பயந்தால் நல்ல நாவலாசிரியர் என்று அர்த்தமா? இது என்ன புது இலக்கணம்? எத்தனையோ பேர்மேல் வழக்கு இருக்கிறது. அவர்கள் எல்லாருக்கும் புக்கர் கொடுக்கலாமா? கேள்வி ஒன்றுதான், இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு நாவலுக்கும் நடுவில் எத்தனை வருஷம்?

ஈசிசேர்:
பத்து.

கணக்குப்பிள்ளை:
21.

மீனச்சில்:
நான் கிளம்புகிறேன். இதற்குப் பதிலாக அரவிந்த் அடிகாவைப் பற்றிப் பேசியிருக்கலாம். அவருக்கும் முதல் நாவலுக்கே 2008இல் புக்கர். நீண்ட இடைவெளி விடாமல் எழுதினார். 2011, 2016, 2020. எத்தனை பேர் அவற்றைப் படித்தீர்கள்? நீண்ட இடைவெளி விடாமல் எழுதுவதுதான் தகுதி என்றால் வடிகட்டி சார் அவரைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டும்.

ஈசிசேர்:
அடிகா நம்ம சென்னையில பொறந்தவரு, தெரியுமா?

மீனச்சில்:
வளர்ந்தது மங்களூரில்.

ஈசிசேர்:
பொறந்தது சென்னை.

வடிகட்டி:
பிறந்த ஊரை வைத்து எழுத்தாளரைச் சொந்தம் கொண்டாடுவதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. தனி இழை போடுகிறேன். இதை யாரும் பூட்ட வேண்டாம், இங்கேயும் இன்னும் நான் முடிக்கவில்லை.